ஒட்டி வாழ்தலும் கரைந்து போதலும்

உடுத்தும் உடைக்கும் ஒரு மொழி உண்டு. அணிந்தவர் வாய் திறக்குமுன் அது பேசத் தொடங்கிவிடுகிறது; அவர் எந்த ஊரார், எந்த வயதினர், எவற்றை மதிப்பவர் என்பனவற்றையெல்லாம் கண்டோர்க்கு அறிவித்துவிடுகிறது. பிறந்த ஊரில் இம்மொழியை எவரும் தனியே கற்பதில்லை; அது தாய்ப்பாலோடு வந்துவிடுகிறது. வேற்று நாட்டில் குடிபுகுந்தவர்க்கோ முதல் நாளிலேயே அதில் பிழை நேர்கிறது. அந்நிலையில் ஒரு கேள்வி எழுகிறது. புகுந்த நாட்டின்பொருட்டு ஒருவர் எவ்வளவு மாற வேண்டும்? எந்த எல்லையைக் கடந்தால் அம்மாற்றம் பண்பு என்னும் பெயரை இழந்து அடிமைத்தனமாகிறது?

இக்கேள்வியைப் பொதுப்பட ஆராய்வதைவிட, மெய்யான ஒரு வாழ்க்கை நிலையில் வைத்துப் பார்த்தல் நன்று. பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண்கள் பலர் தென் கொரியாவுக்கு மணமகளிராகவும் தொழிலாளராகவும் மாணவியராகவும் செல்கின்றனர். ஆண்டு முழுதும் வெம்மை குன்றாத தீவுகளில், மெல்லிய கையில்லாச் சட்டையும் ரப்பர்ச் செருப்புமாக வளர்ந்தவர்கள் அவர்கள். சியோல் நகரின் ஜனவரி மாத இரவுகளிலோ வெப்பநிலை சுழிக்குக் கீழே பத்துப் பாகைக்கும் இறங்குவதுண்டு. ஒன்றன்மேல் ஒன்றாக அணியும் உடைகளையும், முழங்காலுக்குக் கீழும் தொங்கும் பஞ்சடைத்த மேலங்கியையும், அடியில் வெப்பமூட்டப்பெற்ற தரையில் பாய் விரித்துப் படுப்பதையும் அவர்கள் விரைவிலேயே கற்றுக்கொள்கின்றனர். இம்மாற்றத்தில் அறச்சிக்கல் ஏதுமில்லை. இங்கு ஆணையிடுவது இயற்கை. அதற்குப் பணிவதனால் எவருடைய தன்மானமும் குறைவதில்லை.

சிக்கல் கோடையில் தொடங்குகிறது. கொரிய மகளிர் முழங்காலுக்கு மேலேறிய பாவாடை அணிந்து தெருவில் செல்வது இயல்பான காட்சி. அதனைக் காணும் புதியவள், இந்நாட்டில் உடைக்கட்டுப்பாடு இல்லை போலும் என்று எண்ணி, தன் ஊர் வழக்கப்படி தோள் தெரியும் சட்டை அணிந்து வெளியே வந்தால், முதியோரின் பார்வை அவள்மேல் நிலைக்கிறது. கால் தெரிவது குற்றமில்லாத இடத்தில் தோளும் மார்பின் மேற்பகுதியும் தெரிவது நாணக்கேடாகக் கருதப்படுகிறது. பெருநகரங்களில் இவ்வெண்ணம் இன்று பெரிதும் தளர்ந்துவிட்டதெனினும் முற்றும் மறைந்துவிடவில்லை.

இதில் நாணம் எங்கே இருக்கிறது? தோளிலா, காலிலா? கொரியாவின் அண்மை வரலாறே இதற்கு விடை கூறும். 1973ஆம் ஆண்டில் சிறு குற்றங்கள் பற்றிய சட்டம் திருத்தப்பட்டபின், காவலர்கள் அளவுகோலுடன் தெருவில் நின்று பெண்களின் பாவாடை நீளத்தை அளந்தனர். நீள்முடி வளர்த்த இளைஞர்களின் தலைமயிரைக் கத்தரித்தனர். அன்று அளக்கப்பட்ட பெண்களின் பேத்தியர் இன்று அதனினும் குறுகிய பாவாடையுடன் அதே தெருக்களில் அச்சமின்றி நடக்கின்றனர். ஆகவே, உடையின் எல்லைக்கோடு காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப நகர்வதாகும். அதனைப் புதியவள் ஓர் இலக்கண விதியைக் கற்பதுபோல் கற்கலாம். விதி அறியாமல் ஒரு சொல்லைத் தவறாக வழங்கியவரை நாம் தீயவர் என்பதில்லை. தோள் தெரிய வந்த பெண்ணின் ஒழுக்கத்தை ஐயுறுபவர் இலக்கணப் பிழையை அறப்பிழையாகக் கொண்டு மயங்குகிறார்.

மரியாதை பற்றிய வழக்கங்களை நோக்கினால் இவ்வுண்மை மேலும் தெளிவாகும். பிலிப்பைன்ஸ் இல்லங்களில் இளையவர் பெரியவரின் கையைப் பற்றிக் குனிந்து தம் நெற்றியில் ஒற்றிக்கொள்வர். இதற்கு மானோ என்று பெயர். பெரியோரிடம் பேசுகையில் வாக்கியத்தில் 'போ' என்னும் சொல்லைச் சேர்ப்பர். நம் செவிக்கு விரட்டுவதுபோல் ஒலிக்கும் அச்சொல் தகாலோக் மொழியில் பணிவின் அடையாளம்! மூத்தவளை 'ஆதே' என்றும் மூத்தவனை 'கூயா' என்றும் உறவுமுறை சொல்லி அழைப்பர். பெயரை மட்டும் சொல்லி அழைப்பது பண்பாகாது. கொரியாவிலும் அவ்வாறே. அங்கு ஒரு பெண் தன்னினும் மூத்தவளை 'ஒன்னி' என்றும் மூத்தவனை 'ஒப்பா' என்றும் அழைக்கிறாள். பெரியவர் முன் இடை வளைத்து வணங்குதல், ஒரு பொருளை இரு கைகளாலும் கொடுத்தும் வாங்கியும் பழகுதல், பெரியவர் கரண்டியை எடுத்தபின்னரே தான் உண்ணத் தொடங்குதல், அவர் முன்னிலையில் மது அருந்த நேரின் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ளுதல் ஆகியன அங்குள்ள முறைகள்.

இவற்றைப் பயிலும் புதிய மருமகள் மரியாதை என்னும் பண்பையே இப்போதுதான் கற்கிறாள் என்று மாமியார் எண்ணினால், அது பெரும் பிழையாகும். மரியாதையை அவள் தன் பாட்டியிடமே கற்றுவந்தாள்; இப்போது கற்பது அதனை எழுதும் வேறொரு வரிவடிவம். நெற்றியில் ஒற்றிய கையும் வளைந்து வணங்கும் இடையும் உணர்த்தும் பொருள் ஒன்றே. இதனை உணர்ந்த வீட்டில் கற்பித்தல் அன்பாகிறது. உணராத வீட்டில் அதுவே நாள்தோறும் நிகழும் அவமதிப்பாகிறது.

எனினும், எல்லா வழக்கங்களும் இவ்வாறு எளிதில் பொருந்திவிடுவதில்லை. அறுவடைக் காலத்துச் சூசொக் திருநாளன்று கொரியக் குடும்பங்கள் பல முன்னோர்க்குப் படையலிட்டு வீழ்ந்து வணங்குகின்றன. படையலைச் சமைக்கும் பொறுப்பு பெரும்பாலும் மருமகளிர் மேலதாகவே இருந்துவந்துள்ளது. பிலிப்பைன்ஸ் பெண்களுள் மிகப் பலர் கத்தோலிக்கர். இறந்தோரை நினைத்தல் அவர்க்குப் புதிதன்று. நவம்பர் முதல் நாளில் கல்லறைகளில் விளக்கேற்றிக் குடும்பமாக அமர்ந்திருந்து வளர்ந்தவர்களே அவர்கள். ஆயினும், படையல்முன் வீழ்ந்து வணங்குவது நினைவா, வழிபாடா என்னும் தயக்கம் ஒருத்தியின் உள்ளத்தில் எழுமாயின், அதனைப் பிடிவாதம் என்று தள்ளிவிட இயலாது. அத்தயக்கத்துக்குக் கொரிய மண்ணிலேயே நெடிய வரலாறு உண்டு. முன்னோர் நினைவுப் பலகைகளை எரித்து, தாயின் ஈமக்கடனைக் கிறித்தவ முறையில் செய்தமைக்காக யூன் ஜி-சுங் என்னும் கொரியக் கத்தோலிக்கர் 1791இல் கொல்லப்பட்டார். முன்னோர்க்குச் செலுத்தும் வணக்கத்தைக் குடிமை மரியாதையாகக் கொள்ளலாம் என்று சீனாவைக் குறித்து ரோமிலிருந்து ஆணை வந்தது 1939இல். கொரியக் கத்தோலிக்கரும் அவ்வழியே சென்றனர். உயிர்ப்பலி நிகழ்ந்த காலத்திலிருந்து கணக்கிட்டாலும் நூற்று நாற்பத்தெட்டு ஆண்டுகள்! கற்றறிந்த பெரியோர் கூடி அத்துணைக் காலம் எடுத்துக்கொண்ட ஒரு முடிவை, மொழியும் முழுதாய் அறியாத இளம்பெண் ஒரு திருநாட் காலையிலேயே எடுத்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நீதியாகுமா? இத்தகைய இடத்தில் புகுந்த வீட்டார் செய்யத்தக்கது, வழக்கத்தின் பொருளை எடுத்துரைத்துக் காத்திருப்பதே. அவள் செய்யத்தக்கது, பொருளைக் கேட்டறிந்து, மனம் ஒப்பிய அளவில் பங்குகொள்வது. மனம் ஒப்பாத வணக்கத்தால் முன்னோர்க்குப் பெருமை சேராது.

இனி, பெயரும் மொழியும். திருமணத்துக்குப்பின் கொரியப் பெண்கள் தம் குடும்பப்பெயரை மாற்றுவதில்லை. பிலிப்பைன்ஸ் பெண்களோ பெரும்பாலும் கணவன் குடும்பப்பெயரை ஏற்பது வழக்கம். ஆகவே, இவ்வொன்றில் கொரிய வழக்கமே அவளுக்குக் கூடுதல் உரிமை தருகிறது. ஆனால், நாளும் அழைப்பதற்கு எளிதாக ஒரு கொரியப் பெயர் வைத்துக்கொள் என்று சுற்றியிருப்போர் வேண்டும்போது, அவ்வுரிமை மெல்ல நழுவுகிறது. தானே விரும்பி ஏற்றால் அது புதிய உறவின் அடையாளம். வற்புறுத்தலால் ஏற்றால் அது இழப்பு. இவ்வேறுபாட்டை இவ்விரு நாட்டு மக்களினும் நன்கு அறிந்தவர் சிலரே. ஸ்பானிய ஆளுநர் கிளாவேரியா 1849இல் பிறப்பித்த ஆணையால் பிலிப்பைன்ஸ் மக்கள் பட்டியலிலிருந்து குடும்பப்பெயர்களை ஏற்க நேர்ந்தது. 1940இல் ஜப்பானிய ஆட்சி கொரியர்களை ஜப்பானியப் பெயர் சூட்டிக்கொள்ளும்படி நெருக்கியது. கொரிய மொழியும் பள்ளிகளிலிருந்து அகற்றப்பட்டது. பெயரும் மொழியும் பறிபோவது எத்தகைய துயரம் என்பதைத் தன் பாட்டனாரிடம் கேட்டறிந்த ஒரு சமுதாயம், தன் வீட்டுக்கு வந்த பெண்ணிடம் அதையே சிறிய அளவில் செய்யலாகாது.

இதன் கனம் முழுவதையும் தாங்குவது குழந்தையே. கொரிய மொழி பின்தங்கிவிடும் என்று அஞ்சி, குழந்தையுடன் தகாலோக் பேசாதே என்று தாயைத் தடுக்கும் குடும்பங்கள் உண்டு. அத்தாய்க்கு மிஞ்சுவது தனக்கே முற்றும் கைவராத ஒரு மொழி. அவளால் அம்மொழியில் சோறு உண்ணச் சொல்ல முடியும், கதை சொல்ல முடியாது, கண்டிக்க முடியும், அவள் கண்டிப்பிலுள்ள கனிவு குழந்தைக்குச் சென்று சேராது. பள்ளி வாயிலில் பிற தாய்மாரோடு நிற்கும் அவளைக் கண்டு தன் பிள்ளையே நாணித் தலைகுனியும் நாள் வருமாயின், அவள் அணிந்த கொரிய உடையும் பயின்ற கொரிய வணக்கமும் அவளுக்கு என்ன பயன் தந்தன? தன்னை அழித்துக்கொண்டு பெற்ற பொருத்தம் அவளுடைய பிள்ளைக்கும் உதவாமற் போகிறது.

புகுந்தவர் கடமையைப்போலவே ஏற்பவர் கடமையும் உண்டு. தென் கொரிய அரசு 2008இல் பன்முகப் பண்பாட்டுக் குடும்பங்களுக்கான ஆதரவுச் சட்டத்தை இயற்றியது. அதன் வழியே அமைந்த நிலையங்களில் மொழியும் வழக்கங்களும் கற்பிக்கப்படுகின்றன, இது பாராட்டத்தக்கது. ஆனால், கற்றல் ஒரு திசையிலேயே ஓடினால் குடும்பத்தில் ஒருவர் என்றும் மாணவராகவே நின்றுவிடுவார். மருமகள் கிம்ச்சி ஊறவைக்கக் கற்றாள். அவள் வைக்கும் புளிப்பான சினிகாங் குழம்பை மாமியார் ஒருநாள் சுவைத்துப் பார்த்தாரா என்றும் கேட்க வேண்டும் அன்றோ? பிலிப்பைன்ஸில் பிறந்து கொரியரை மணந்த ஜாஸ்மின் லீ 2012இல் தென் கொரிய நாடாளுமன்ற உறுப்பினரானார். கொரிய மொழியை நன்கு பேசியவர், குடியுரிமை பெற்றவர், கணவரை இழந்த பின்னரும் அந்நாட்டையே தம் நாடாகக் கொண்டவர். அவர் தேர்வு பெற்றபோதும் அவருடைய பிறப்பைச் சுட்டி இழிமொழிகள் எழுந்தன. முழுதும் பொருந்தியவர்க்கும் இது நேர்ந்ததாயின், குறை புதியவரின் பொருத்தத்தில் மட்டும் இல்லை என்பது வெளிப்படை. கொரியப் போரில் பிலிப்பைன்ஸ் அனுப்பிய வீரர்கள் 7,420 பேர். அக்காலத்தில் கொரியாவினும் செல்வநிலையில் மேம்பட்டிருந்தது அந்நாடே. செல்வத்தின் தராசு ஒரு தலைமுறையில் சாய்ந்து நிமிரும். அதனைக் கொண்டு மனிதரின் தரத்தை அளத்தல் பேதைமை.

உலகத்தாரோடு பொருந்தி வாழ அறியாதவர் பல கற்றும் அறிவிலாரே என்று வள்ளுவர் ஒழுக்கமுடைமையில் வைத்துக் கூறினார். அங்கு உலகம் என்பதற்கு உயர்ந்தோர் என்று பொருள் கொண்டார் பரிமேலழகர். இவ்வுரை நம் கேள்விக்கு ஒளி தருகிறது. தெருவில் முறைத்துப் பார்ப்பவரின் கண்ணுக்கேற்ப ஒழுகுமாறு குறள் கூறவில்லை. அந்நாட்டின் மேன்மக்கள் போற்றும் நெறியோடு ஒழுகுமாறே கூறுகிறது. பிறர் மனம் நோகாதிருக்கவும் பெரியோர் மதிக்கப்படவும் வேண்டி ஒரு வழக்கம் நம்மிடம் கேட்கப்படுமாயின், அதனை உவந்து ஏற்றல் ஒட்டி வாழ்தல். நாம் யார் என்பது பிறர் கண்ணில் படாதிருக்க வேண்டுமென்று கேட்கப்படுமாயின், அதற்கு இணங்குதல் கரைந்து போதல். முன்னதில் வந்தவரும் வளர்கிறார், வரவேற்றவரும் வளர்கிறார். பின்னதில் இருவருமே இழக்கின்றனர்.

சியோலின் ஹியேவா பகுதியில் உள்ள கத்தோலிக்கத் தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் தகாலோக் மொழியில் வழிபாடு நடைபெற்றுவந்துள்ளது. வெளியே நடைபாதையில் பிலிப்பைன்ஸ் உணவுப் பொருள்களின் சிறு சந்தை கூடும். பஞ்சடைத்த மேலங்கி அணிந்து, இரு கைகளாலும் பணத்தை நீட்டி, தாய்மொழியில் விலை கேட்கும் பெண்களை அங்குக் காணலாம். வேற்று மொழி வழங்கும் நகரங்களில் சங்கம் கண்டு வாழும் நமக்கு அக்காட்சியை விளக்க வேண்டுவதில்லை. வாரத்தில் ஆறு நாளும் புகுந்த நாட்டின் வழக்கங்களை மனமுவந்து பேணுவதற்குரிய வலிமையை அவர்கள் அந்த ஒரு நாளில் பெற்றுச் செல்கின்றனர்.