அண்ணாந்து பார்க்காத கிரகங்கள்

1962 பிப்ரவரியில் மகர ராசியில் எட்டுக் கிரகங்கள் கூடின. உலகமே அழியப் போகிறதென்று நாடெங்கும் யாகம் வளர்த்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கூட்டத்தை அநேகமாக யாருமே பார்க்கவில்லை. எட்டில் ஒன்று சூரியன்; மற்றவை அதையொட்டியே இருந்ததால் பகல் வெளிச்சத்தில் மறைந்துபோயின. கேதுவோ எப்போதுமே கண்ணுக்குத் தெரியாது. அப்போது முழுச் சூரிய கிரகணத்தின் இருட்டு விழுந்த நியூகினிப் பக்கம் இருந்தவர்களுக்கு வேண்டுமானால் வாய்ப்பிருந்திருக்கும். இங்கே பயந்தவர்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்துப் பயந்தவர்கள்.

2025 ஆகஸ்ட் 12 விடியலில் வெள்ளியும் வியாழனும் ஒரு பாகைக்கும் குறைவான இடைவெளியில் நின்றன. கையை நீட்டிச் சுண்டுவிரலை உயர்த்தினால் இரண்டையும் மறைத்துவிடலாம். மிதுனத்தில் குரு-சுக்கிர சேர்க்கை என்று டிவியில் அந்த வாரம் முழுக்கப் பலன் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் மொட்டைமாடியில் நானும், தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டு அம்மாவும்தான். வியாழக்கிழமை தவறாமல் குருவுக்குக் கொண்டைக்கடலை மாலை சாத்துகிறவர்; ஆலங்குடி, கஞ்சனூர் என்று கிரகத் தலங்களுக்கெல்லாம் போய்வந்தவர்.

"இதுல குரு எது?"

"இடது பக்கம், கொஞ்சம் மங்கலா இருக்கே, அது."

"அட, இவரு நிஜமாவே மேலே இருக்காரா!"

மூடநம்பிக்கை என்று சிரித்துவிட்டுப் போவது எளிது. எனக்கு அதில் ருசியில்லை. ஒன்று நம்மை என்ன செய்யும் என்று கேட்க ஆரம்பித்ததுமே அதை நேராகப் பார்ப்பதை ஏன் விட்டுவிடுகிறோம்? மேலதிகாரியின் முகத்தில் நம் சம்பள உயர்வைத்தான் தேடுகிறோம். ராத்திரி முழுக்க அவர் தூங்கவில்லை என்பது கண்ணில் படுவதேயில்லை. ஜாதகக் கட்டத்தில் குருவைத் தேடுகிறவர்களும் அப்படித்தான்.

அன்று பார்த்த வெள்ளியின் ஒளி புறப்பட்டுச் சுமார் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது. வியாழனின் ஒளி முக்கால் மணி நேரத்துக்கும் முன்பே கிளம்பியது. அது ஏறக்குறைய ஐந்து மடங்கு தூரத்தில் இருந்தது. பக்கத்துப் பக்கத்தில் நிற்பதெல்லாம் நம் மாடியிலிருந்து பார்ப்பதால் வருவது. இதைத் தெரிந்துகொண்டதால் எனக்கு ஒரு காசு லாபமில்லை. அதனாலேயே பிடித்திருந்தது.

அந்த அம்மா மோட்டாரை மறந்து நின்றார். "நாளைக்கும் இப்படியே இருப்பாங்களா?"

"சுக்கிரன் வேகமா நகரும். நாளைக்கே கொஞ்சம் விலகிடும்."

"பலன் இன்னும் ஒரு வாரம் இருக்குன்னு டிவியில சொன்னாங்களே!"