காத்திருப்போர் கடல் கடக்கலாமா?

குடியுரிமை என்பது சிலர்க்குப் பிறப்பினால் எளிதில் வாய்ப்பது. வேறு சிலர்க்கோ கேட்டுப் பெறவேண்டியது. கேட்டவுடன் கிடைப்பதும் அன்று. விண்ணப்பம் கொடுத்த நாளுக்கும் விடை வரும் நாளுக்கும் இடையே நீண்டதோர் இடைவெளி கிடக்கிறது. அவ்விடைவெளியில் வாழ்பவன் பழைய நாட்டை மனத்தால் விட்டவன். புதிய நாட்டால் இன்னும் ஏற்கப்படாதவன். அத்தகையவன் அக்காலத்தில் அயல்நாடு சென்று வரலாமா? சென்றால், தான் கேட்ட உரிமைக்குத் தானே துரோகம் இழைத்தவன் ஆவானா? மலேசியத் தமிழர் குடும்பங்கள் சிலவற்றில் இன்றும் எழும் வினா இது. சட்டத்தைப் பற்றிய வினாப் போலத் தோன்றினும், அடிப்படையில் இஃது அறத்தைப் பற்றிய வினாவேயாகும்.

கடல் கடந்தவன் சாதி இழப்பான் என்று வைதிகர் ஒருகாலத்தில் அச்சுறுத்தினர். அவ்வச்சத்தைப் பொருட்படுத்தாது கப்பலேறிய உழைப்பாளிகளின் வியர்வையால் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களும் இருப்புப் பாதைகளும் உருவாயின. அவர்தம் வழிவந்தோரும் பின்னர் வந்தோரும் இன்று வேறோர் அச்சத்திற்கு ஆளாகின்றனர். கடல் கடந்தால் காகிதத்தை இழப்போமோ என்பதே அது. முன்னதை மூடநம்பிக்கை என்று தள்ளினோம். பின்னதை அவ்வாறு தள்ளிவிட இயலாது. அதற்குள் ஒரு நியாயமும் உண்டு. ஆகவே ஆராய்ந்து பார்ப்பதே முறை.

ஒருவரை எண்ணிக்கொள்வோம். முப்பதாண்டுகட்கு முன் வேலை நிமித்தம் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். இங்கேயே மணந்து மக்களைப் பெற்றவர். நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அட்டை உடையவர். குடியுரிமைக்கு விண்ணப்பித்து ஆண்டுகள் சில ஆயின. நாகப்பட்டினத்தை அடுத்த சிற்றூரிலிருந்து, தாய் படுத்த படுக்கையாய்க் கிடக்கிறாள் என்று செய்தி வருகிறது. அவர் என் செய்வார்? போனால், அந்த நேரத்தில் அலுவலகம் நேர்காணலுக்கு அழைத்துவிடுமோ என்னும் கவலை. போகாவிடில், பெற்றவளைக் கடைசியாகக் காணவில்லையே என்று ஆயுள் முழுதும் வருத்தும் நினைவு. அவர் கையிலுள்ள கடவுச்சீட்டோ இந்தியாவினுடையது. விட்டுவிட விரும்பும் நாட்டின் ஏட்டைக் கையிற் பிடித்துக்கொண்டுதான், சேர விரும்பும் நாட்டிற்கு அவர் திரும்பவேண்டும். அயல்நாட்டுக் குடியுரிமையைத் தாமே விரும்பிப் பெற்றவர் இந்தியக் குடிமகனாய் நீடிக்க இந்திய அரசியலமைப்பு இடந்தரவில்லை. மலேசியாவும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஆதலின் அவர் எழுதிய விண்ணப்பம் வெறும் மனு அன்று. ஓர் உறவை முடித்து மற்றோர் உறவைத் தொடங்கும் உறுதிமொழி.

இங்கு ஒரு சாரார் கூறுவர்: "உறுதிமொழி கூறியவன் அசையாது நிற்கவேண்டும், இந்த மண்ணே என் மண் என்று எழுதிக் கொடுத்துவிட்டு மறுமாதமே மூட்டை கட்டுபவனை எவ்வாறு நம்புவது?" மற்றொரு சாரார் கூறுவர்: "காகிதம் காகிதமே, அதற்காக மனிதன் சிறையிருக்க வேண்டுவதில்லை, வேண்டிய காலமெல்லாம் சென்று வரலாம்." இவ்விரு கூற்றிலும் பாதி உண்மையே உளது.

முதற் கூற்றை எடுத்துக்கொள்வோம். அரசு மனிதனின் உள்ளத்தைத் திறந்து பார்க்க வல்லது அன்று. எனவே உள்ளத்திற்கு ஈடாக நாட்களை எண்ணுகிறது. ஆனால் அக்கணக்கு ஒருநிலையில் நின்றதில்லை. 1948ஆம் ஆண்டு மலாயாக் கூட்டரசு ஒப்பந்தத்தின்படி விண்ணப்பிப்போருள் இங்குப் பிறந்தவர் முந்திய 12 ஆண்டுகளுள் 8 ஆண்டும், வெளியிற் பிறந்தவர் 20 ஆண்டுகளுள் 15 ஆண்டும் இங்கு வாழ்ந்திருத்தல் வேண்டும். 1957இல் விடுதலை வந்தபோது, முன்னவர்க்கு 7 ஆண்டுகளுள் 5 என்றும் பின்னவர்க்கு 12 ஆண்டுகளுள் 8 என்றும் அது குறைக்கப்பட்டது. இன்று இயல்புரிமை வழியே குடியுரிமை கேட்பவர், விண்ணப்ப நாளுக்கு முந்திய 12 ஆண்டுகளுள் மொத்தம் 10 ஆண்டு வாழ்ந்திருத்தல் வேண்டும். இறுதிப் பன்னிரண்டு திங்களும் அதனுள் அடங்கவேண்டும். 1948இல் பதினைந்து ஆண்டு உழைத்தவனுக்கும் 1957இல் எட்டாண்டு உழைத்தவனுக்கும் மண்ணின்மீதுள்ள பற்று வேறுபட்டதா? இல்லை. மாறியது கணக்கே. கணக்கு தேவைதான், ஆனால் அளவுகோலையே அளக்கப்படும் பொருளென மயங்கலாகாது.

இவ்வுண்மையைச் சட்டமே உணர்ந்திருக்கிறது என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டுகிறோம். மலேசிய அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை, மொத்தத்தில் ஆறு திங்களுக்குக் குறைந்த வெளிவாசத்தை உள்நாட்டு வாசமாகவே கொள்கிறது. உடல்நலம் கருதியும், அமைச்சர் ஏற்கும் கல்வியின் பொருட்டும், நாட்டின் பணியின் பொருட்டும் வெளியே கழித்த காலமும் அவ்வாறே கொள்ளப்படும். அமைச்சர் வேறு காரணங்களையும் ஏற்கலாம் என்று ஒரு வாயிலும் திறந்து வைக்கப்பட்டுள்ளது. தாயின் இறுதிக்காலம் என்று அப்பட்டியலில் பெயர் சொல்லப்படவில்லை. ஆயினும் ஆறு திங்கள் என்னும் இடம் அதற்குப் போதியதே. அன்றியும், ஆண்டுக் கணக்கு விண்ணப்ப நாளோடு முடிகிறது. அதன்பின் அரசு அறிய விரும்புவது, இங்கு நிலையாக வாழும் எண்ணம் இவனுக்கு உண்டா என்பதே. உடல் அகன்ற மாத்திரத்தில் உறவு அறுவதில்லை என்பதன்றோ இதன் கருத்து? தாய்வீட்டுக்குப் போன மருமகளை மணமுறிந்தவள் என்று யாரும் சொல்வதில்லை. போனவள் சொல்லிச் சென்றாளா, திரும்பும் எண்ணம் உடையவளா என்பதையே பார்ப்பர்.

இதே உவமை இரண்டாம் சாராரின் குறையையும் காட்டும். சொல்லாமற் போவதும், போனவிடத்தே தொழிலும் வீடும் அமைத்துக்கொண்டு விடை வரும் நாளில் மட்டும் வந்து நிற்பதும் நேர்மையாகா. குடியுரிமை மழைக்கு மட்டும் விரிக்கும் குடையன்று. வெயிலிலும் உடன் நிற்போர்க்கே அதில் உரிமையுண்டு. அலுவலகத்தின் கேள்விக்குச் சென்று வந்த நாட்களைக் குறைத்துச் சொல்பவன் விண்ணப்பத்தை மட்டுமன்றித் தன் சொல்லையும் கெடுத்துக்கொள்கிறான். பயணம் பிழையன்று, மறைத்தலே பிழை.

இனி, அரசின் கடமையையும் கூறாது விடுதல் நீதியாகாது. குடியுரிமை பற்றிய கூட்டரசின் முடிவை எந்த நீதிமன்றமும் மறு ஆய்வு செய்யவியலாது என்று அதே அட்டவணை கூறுகிறது. விடை எத்தனை நாளில் வரவேண்டும் என்பதற்கோ அரசியலமைப்பு எல்லை வகுக்கவில்லை. மேல்முறையீடு இல்லாத அதிகாரத்திற்குப் பொறுப்பு மிகுதியன்றோ? காத்திருப்போனின் நாட்களை ஒவ்வொன்றாய் எண்ணும் அரசு, தன் தாமதத்தின் நாட்களையும் எண்ணுதல் வேண்டும். தாமதத்திற்கு விலையுண்டு என்பதை நம்மவர் அறிவர். 1968ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்து, குடிமக்களல்லாதார் வேலை உரிமம் பெறவேண்டும் என்ற நிலை ஏற்பட்டபோது, பல்லாண்டு தோட்டங்களில் உழைத்த தமிழர் பல்லாயிரவர் கப்பலேற நேர்ந்தது. அவர்களுள் விண்ணப்பிக்காமல் இருந்துவிட்டவரும் உண்டு. விடை பெறாதவரும் உண்டு. காகிதத்தின் அருமை அன்று விளங்கிற்று. காலத்தில் கிடைக்காத காகிதத்தின் கொடுமையும் விளங்கிற்று.

ஆகவே நம் முடிபு இது. காத்திருப்போன் கடல் கடக்கலாம். தாயைக் காணவும், உடன்பிறந்தாரின் துயரில் பங்குகொள்ளவும், நோய் தீர்க்கவும், கல்வி பெறவும் செல்லலாம். பெற்ற தாயைக் கைவிட்டவனே நாட்டுக்கு நல்ல குடிமகன் ஆவான் என்று எந்த அறமும் கூறாது. பழைய கடமையை முறையாக முடிக்கத் தெரிந்தவனே புதிய கடமையையும் தாங்குவான். ஆனால் போகுமுன் அலுவலகத்திற்கு எழுத்தால் அறிவித்துப் போகவேண்டும். அழைப்பு வந்தால் தெரிவிக்க வீட்டில் ஒருவரை வைத்துப் போகவேண்டும். சென்ற நாளும் வந்த நாளும் குறித்து வைக்கவேண்டும். ஆறு திங்களை மறவாமல் திரும்பவேண்டும். விண்ணப்பம் தள்ளப்பட்டு மீண்டும் எழுத நேரின், அக்குறிப்பே அவனுக்குச் சாட்சியாகும்.

அரசுக்கும் ஒரு சொல். ஆம் என்றாலும் இல்லை என்றாலும் காலத்தில் சொல்லுங்கள். இல்லை என்ற விடையைக் கொண்டும் மனிதன் தன் வாழ்வை ஒழுங்கு செய்துகொள்வான். விடையே இல்லாத நாட்களில் அவன் எந்த நாட்டிலும் முழுமையாய் வாழ்வதில்லை.