பொழுது விடிந்த பின்

சென்ற தவக்காலத்தில் ஒரு ஞாயிறு. திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தனர். எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் கோவில் வாசலில் எனக்காகக் காத்து நின்றார். “சாமி, ராத்திரி அருவாளைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டுத்தான் படுக்கேன். அது பாவமா சாமி?” என்று கேட்டார்.

கணவரை இழந்தவர், பிள்ளைகள் இருவரும் திருப்பூரில் பனியன் ஆலையில் வேலை பார்க்கின்றனர். அடுத்த தெருவில், திருமணத்திற்காக வெளியூர் சென்றிருந்த ஒரு குடும்பத்தின் வீட்டுக் கதவை உடைத்து நகைகளை எடுத்துச் சென்றுவிட்டார்கள். அன்று முதல் அந்த அம்மாவுக்கு உறக்கமில்லை. “பாவமில்லை அம்மா. பக்கத்தில் செபமாலையையும் வைத்துக்கொள்ளுங்கள்” என்றேன். சிரித்துக்கொண்டே போனார். ஆனால், ஒரு கேள்விக்கு விடை கூறாமல் அதைக் கடந்துவிட்டேன் என்னும் உறுத்தல் எனக்குள் எஞ்சியது. அதைத் தீர்த்துக்கொள்ளவே இக்கட்டுரை.

குருவிகுளம் வட்டாரத்துக் கரிசல் ஊர்களை அறிந்தவர்களுக்கு இந்த அச்சம் புதிதன்று. மழையை நம்பிய பருத்தியும் உளுந்தும் மக்காச்சோளமும் குடும்பத்தைத் தாங்காத ஆண்டுகளில் இளையோர் ஊரை விட்டுச் செல்கின்றனர். அவர்கள் அனுப்பும் பணத்தில் ஓட்டு வீடு மாடி வீடாகிறது. அதற்குள் வாழ்பவரோ தனித்துவிடப்பட்ட ஒரு முதியவர். வழிப்போக்கன் தலைசாய்த்த திண்ணை இருந்த இடத்தில் இன்று இரும்புக் கிராதி நிற்கிறது. 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டும், அதற்கு மேல் கண்காணிப்புக் காமிராவும் வீட்டைக் காக்கின்றன. இவற்றையெல்லாம் குறை கூற நான் முன்வரவில்லை. காப்பது எதுவரை அறமாகும், எந்த இடத்தில் அது வேறொன்றாக மாறிவிடுகிறது என்பதே என் கேள்வி.

காப்பது கடமையே

திருச்சபையின் தந்தையர் இக்கேள்வியை எளிதாகக் கடந்துவிடவில்லை. ஆயுதம் ஏந்திய கொள்ளையனை எதிர்ப்படும் கிறிஸ்தவன், தன்னைக் காத்துக்கொள்வதற்காகக்கூட அவனைத் திருப்பி அடித்தலாகாது என்று புனித அம்புரோசியார் கருதினார். தன் உயிரைக் காக்கத் தனி மனிதன் பிறரைக் கொல்வதைப் புனித அகுஸ்தினாரும் ஏற்கத் தயங்கினார். மறு கன்னத்தையும் காட்டச் சொன்ன ஆண்டவரின் மலைப்பொழிவு அவர்கள் கண்முன் நின்றது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாஸ் ஒரு தெளிவை வழங்கினார். ஒரே செயலுக்கு இரண்டு விளைவுகள் இருக்கக்கூடும். தன் உயிரைக் காப்பது ஒன்று, தாக்கியவன் சாவது மற்றொன்று. முதலாவதை மட்டுமே நாடி, தேவைக்கு மேற்பட்ட வன்மையைப் பயன்படுத்தாமல் தடுப்பவன் குற்றவாளியாகான். தேவைக்கு மிஞ்சிய அடியோ, தற்காப்பின் பெயரால் விழுந்தாலும், அறமாகாது. குருமட வகுப்பில் இதைப் படித்தபோது இது தேர்வுக்குரிய ஒரு பாடமாகவே எனக்குத் தோன்றிற்று. இதன் கனத்தைப் பங்குப் பணியில்தான் உணர்ந்தேன்.

1992ஆம் ஆண்டு வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு ஒருபடி மேலே செல்கிறது. பிறருடைய உயிருக்குப் பொறுப்பேற்றவருக்குத் தற்காப்பு உரிமை மட்டுமன்று, கடுமையான கடமையும் ஆகும் என்கிறது. ஒருவர் தம் கன்னத்தைக் காட்டலாம். தம் பேத்தியின் கன்னத்தைக் காட்ட அவருக்கு என்ன உரிமை? திருடன் வரும் வேளையை அறிந்தால் விழித்திருக்கும் வீட்டு உரிமையாளரை ஆண்டவரே உவமையாக எடுத்துக்காட்டினார் (மத் 24:43). அந்த விழிப்பை அவர் பழிக்கவில்லை.

நம் தென்காசிச் சீமையிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. 2019 ஆகஸ்ட் 11ஆம் நாள் இரவு, கடையம் அருகே கல்யாணிபுரத்தில், தோட்ட வீட்டில் தனித்திருந்த முதிய தம்பதியரை முகமூடி அணிந்த இருவர் அரிவாளுடன் தாக்கினர். வாசலில் அமர்ந்திருந்த பெரியவரின் கழுத்தைப் பின்னாலிருந்து துணியால் இறுக்கினான் ஒருவன். சத்தம் கேட்டு ஓடிவந்த அவர் மனைவி, கையில் அகப்பட்ட செருப்பையும் நாற்காலியையும் எடுத்து வீசினார். பெரியவரும் திமிறி எழுந்து போராடினார். அம்மாவின் கையில் காயம். கழுத்துச் சங்கிலியும் பறிபோயிற்று. ஆயினும் வந்தவர்கள் நிலைகொள்ள முடியாமல் ஓடினர். காமிராவில் பதிவான அக்காட்சியை நாடே வியந்து பார்த்தது; அவ்வாண்டு சுதந்திர நாளில் மாநில அரசு அவர்களுக்கு வீரத்துக்கான விருது வழங்கியது. அவர்கள் தடுத்தார்கள், விரட்டினார்கள், செய்தது அவ்வளவே. அக்குவினாஸ் வகுத்த எல்லைக்குள் அந்த நாற்காலிகள் அடங்கிவிடுகின்றன.

விடியல் என்னும் எல்லை

விடுதலைப்பயண நூலின் 22ஆம் அதிகாரத்தில் ஒரு பழஞ்சட்டம் உண்டு. கன்னம் வைத்துப் புகும் திருடன் இரவில் அடிபட்டு இறந்தால் வீட்டாரைக் கொலைப்பழி சேராது. கதிரவன் எழுந்த பின் கொன்றால் சேரும். ஏன் இந்த வேறுபாடு? இருளில் வந்தவன் யார், அவன் கையில் இருப்பது என்ன, பொருளுக்கு வந்தானா உயிருக்கு வந்தானா என்பது ஒன்றும் தெரிவதில்லை. பொழுது விடிந்தபின் அவனுக்கு ஒரு முகம் உண்டு. அவனை அடையாளம் காணலாம். பிறரை உதவிக்கு அழைக்கலாம். எடுத்ததைத் திருப்பித் தரச் செய்யலாம்.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமும் ஏறத்தாழ இதே கோட்டைக் கிழித்தது. அதற்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும், கதிரவன் மறைவுக்கும் எழுச்சிக்கும் இடையே வீட்டை உடைத்துப் புகுபவனிடம் விரிந்த தற்காப்பு உரிமையை வழங்குகிறது. ஆனால் அவ்வுரிமை அத்துமீறல் நீடிக்கும் வரை மட்டுமே உண்டு. தேவைக்கு மிஞ்சிய தீங்கிற்கு இடமில்லை. காவல்துறையின் உதவியை நாட நேரம் இருக்கும்போது தற்காப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. மோசேயின் சட்டமும் மெக்காலே வரைந்த சட்டமும் இங்கே கைகோத்து நிற்பதைக் கண்டு வியக்கிறேன்.

ஆனால் நாம் எங்கே நிற்கிறோம்? ஓர் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய ஓர் ஊரில், கிணற்று மோட்டாரின் செம்புக் கம்பியை அறுத்த ஒருவனை இளைஞர்கள் இரவில் பிடித்து வேப்ப மரத்தில் கட்டிவைத்திருந்தனர். விடியற்காலையில் செய்தி வந்து நான் போனபோது அவன் தலை தொங்கியிருந்தது. சட்டை கிழிந்து, உதடு வீங்கி, பேசவும் இயலாத நிலை. சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் நான் நற்கருணை வழங்கும் முகங்கள். அவன் குற்றமற்றவன் அல்லன். கம்பி அவனிடமே இருந்தது. அதை இழந்த உழவருக்கோ அந்தப் பருவத்துப் பயிரே கேள்விக்குறியாகிவிட்டது. அவர் கோபத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

நான் மறைக்கக்கூடாத ஒன்று உண்டு. அவனைக் கண்டதும் என் உள்ளத்தில் முதலில் எழுந்தது இரக்கமன்று. மூன்று மாதங்களுக்கு முன் எங்கள் கோவில் உண்டியலை உடைத்தவன் இவன்தானோ என்னும் எண்ணமே எழுந்தது. கட்டை அவிழ்க்கச் சொல்வதற்கு முன் நான் தயங்கிய அந்தச் சில நொடிகளில், அவன்மேல் விழுந்த அடிகளுள் ஒன்று என்னுடையதாகவும் ஆயிற்று. பின்னர் கட்டு அவிழ்க்கப்பட்டது. தண்ணீர் கொடுத்து, மருத்துவமனைக்கு அனுப்பி, காவல்துறையிடம் ஒப்படைத்தோம். அவன் பிழைத்தான். பிழைத்திராவிட்டால், அந்த ஊரில் கொலைப்பழியைச் சுமக்க வேண்டியவர் எத்தனை பேர்?

கேரளத்தின் அட்டப்பாடியில் 2018 பிப்ரவரி 22 அன்று ஒருவர் பிழைக்கவில்லை. கடைகளில் அரிசி முதலிய உணவுப் பொருள்களைத் திருடினார் என்று கூறி, மனநலம் குன்றிய பழங்குடி இளைஞர் ஒருவரைக் காட்டிலிருந்து பிடித்து வந்து, கைகளைக் கட்டி அடித்தனர். அடித்தவர்கள் அவரோடு நின்று கைப்பேசியில் படமும் எடுத்துக்கொண்டனர். காவல்துறை வண்டியில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வழியிலேயே அவர் இறந்தார். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காட்டுச் சிறப்பு நீதிமன்றம் பதினான்கு பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. உயிர்போகும் பசியில் பிறர் உணவை எடுப்பது திருட்டாகாது என்று அக்குவினாஸ் எழுதி எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. நம் நாட்டிலோ அரிசிக்கு உயிர் விலையாயிற்று, அதுவும் பட்டப்பகலில்.

காவல் யாருடைய வேலை?

நம் நெல்லைச் சீமையில் காவல் என்பது ஒருகாலத்தில் ஊரின் பொதுப் பொறுப்பாக இருந்தது. பாடிக்காவல், திசைக்காவல் என்னும் முறைகளில் ஊரார் விளைச்சலில் ஒரு பங்கைக் காவலருக்கு அளந்தனர். களவு போனால் காவலர் துப்புத் துலக்கி மீட்டுத் தர வேண்டும். இயலாவிடில் இழப்பை ஈடுசெய்ய வேண்டும். இம்முறையைப் புகழ்ந்து பாட நான் எண்ணவில்லை. கூலி கொடாத ஊரில் களவு மிகுந்ததும், ‘துப்புக்கூலி’ கொடுத்து மாட்டை மீட்டதும் இவ்வரலாற்றின் மறுபக்கம். ஆனால் ஆங்கிலேயர் காவல் முறையை ஒடுக்கி, 1859இன் சட்டத்தால் புதிய காவல்துறையை அமைத்தபோது, பலருடைய பிழைப்பும் மதிப்பும் ஒருசேர மறைந்தன.

அதற்குப் பின் நேர்ந்ததை நாம் மறக்கலாகாது. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்திற்கும் விரிவாக்கப்பட்டது. பிறப்பினாலேயே மனிதரைத் திருடரெனப் பதிவுசெய்து, கைரேகை எடுத்து, இரவுதோறும் காவல்துறையின் பார்வையில் தங்க வைத்தது அச்சட்டம். அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூட்டுக்கு இரையாயினர். 1952 ஆகஸ்ட் 31இல் நாடு முழுவதும் அச்சட்டம் நீக்கப்பட்டது. ஏட்டிலிருந்து நீங்கியது நம் மனத்திலிருந்து நீங்கிற்றா? அயலூர் ஆள் ஒருவர் தெருவில் வந்தால், எந்தப் பக்கத்து ஆள் என்று கேட்டபின் அல்லவா நாம் கதவைத் தாழிடுகிறோம்? இது காவல் ஆகாது. ஒருவர் கை நீட்டுவதற்கு முன்பே அவருக்குத் தீர்ப்பு எழுதிவிடும் செயல் இது.

அப்படியானால் நாம் செய்யத்தக்கது என்ன? பூட்டு நல்லதாக இருக்கட்டும். நகை வங்கிப் பெட்டகத்தில் இருக்கட்டும். வெளியூர் செல்வோர் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுச் செல்லட்டும். 100, 112 ஆகிய எண்களை முதியோர் கைப்பேசியில் பதிந்து கொடுப்போம். இவற்றையெல்லாம் விடப் பெரிய காவல் அயலாரே. எங்கள் அன்பியக் கூட்டத்தில் அந்த மூதாட்டியின் கேள்வியை நான் வைத்தேன். தனித்து வாழும் முதியோர் வீடுகளைக் கணக்கெடுத்தபோது பதினொன்று இருந்தன. இரவு செபம் முடிந்ததும் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, “படுத்துட்டீங்களா அம்மா?” என்று கேட்டுவர இளைஞர்கள் முறைவைத்துக்கொண்டனர். அயலூர் ஆள் அகப்பட்டால் கை வைக்காமல், உடனே காவல்துறைக்குத் தெரிவிப்பது என்றும் முடிவாயிற்று. இரண்டாம் முடிவுக்குத்தான் நெடுநேரம் வாதம் நடந்தது. கம்பியை இழந்த அனுபவம் பெற்றோர் இங்கும் இருக்கின்றனர். அவர்களுள் சிலர் இன்னும் முழு மனத்தோடு இசையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அண்மையில் அந்த அம்மாவைச் சந்தித்தபோது, அரிவாள் எங்கே என்று கேட்டேன். “தலைமாட்டுலதான் கெடக்கு சாமி. ஆனா இப்ப தூக்கம் வருது” என்றார். அதை எடுத்துப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கதவு தட்டப்படும் ஓசை அவருக்கு அச்சமாக இல்லாமல் ஆறுதலாக இருக்கும் வரை, அது அங்கேயே கிடக்கட்டும்.