மணம் நீங்கிய புகை

இயற்கை என்னும் சொல் நம் செவிக்கு என்றும் இனியது. செயற்கை என்றதும் ஐயம் கொள்ளும் நெஞ்சம், இயற்கை என்றதும் அமைதி கொள்கிறது. திணையும் பொழுதும் வகுத்து வாழ்ந்த இனத்தார்க்கு இஃது இயல்பே. ஆயினும், இயற்கையானது எல்லாம் நன்மையானதா, கலப்பற்றது எல்லாம் மெய்யானதா என்று நாம் அடிக்கடி வினவிக்கொள்வதில்லை. அவ்வினா நம் உள்ளத்தில் எழக் காரணமாக இருந்தது ஒரு புகைபிடிக்கும் பைப்பு என்றால் அன்பர்கள் நகைக்கக்கூடும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், பணி ஓய்வு பெற்ற மேலதிகாரி ஒருவர் நமக்குப் பைப்பு ஒன்றை அன்பளிப்பாகத் தந்தார். தொடக்கத்தில் வெனிலா மணமும் செர்ரி மணமும் ஊட்டிய புகையிலையையே அதில் இட்டு வந்தோம். புனேயின் மழைக்கால மாலைகளில் அதன் நறுமணம் இல்லம் முழுதும் பரவும். அண்டை வீட்டு மராட்டிய அம்மையாரும் நல்ல வாசனை என்று பாராட்டினார். நம் இளைய மகள், பைப்பு பற்றவைக்கும் வேளை அறிந்து அருகில் வந்து அமர்வாள். "பாயசம் மணக்கிறது அப்பா" என்பாள். அச்சொல் கேட்டு நாம் மகிழ்ந்ததும் உண்டு.

பின்னர் அத்துறையின் நுட்பங்களை அறியத் தொடங்கினோம். மணப் புகையிலைக்குப் பெரும்பாலும் பர்லி என்னும் இலையே அடிப்படை. இயல்பாகச் சர்க்கரை குறைந்த அவ்விலை, ஊட்டும் சாறுகளையெல்லாம் பஞ்சுபோல் உறிஞ்சிக்கொள்ளும். வெப்பக் காற்றில் பதப்படுத்தும் வர்ஜீனியா இலையோ தன்னிடமுள்ள சர்க்கரையாலேயே இனிக்கும். லட்டாக்கியா என்பது விறகுப் புகையில் கருக உலர்த்தியது. அமெரிக்காவின் லூசியானாவில் விளையும் பெரிக் என்பது பீப்பாயில் அழுத்திப் புளிக்க வைத்தது. இவற்றை அறிந்தபின் மணம் ஊட்டிய வகைகளைக் கைவிட்டு, இலையின் சுவையே மேலோங்கும் கலவைகளுக்கு மாறினோம். நம் நாக்குப் பக்குவம் அடைந்தது என எண்ணினோம். அம்மட்டில் நில்லாமல், பொய்யை விட்டு மெய்யைப் பற்றியதுபோல ஒரு பெருமிதமும் கொண்டோம்.

அவ்வாறு மாறிய முதல் வாரத்திலேயே மகள் இருமினாள். மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போய், உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளை விரட்டிய அதே புகையில்தான் அதற்கு முன் இரண்டு மழைக்காலங்கள் அவள் நம் அருகே அமர்ந்திருந்தாள். அன்று நறுமணம் அதை மறைத்திருந்தது. அவள் கதவைச் சாத்திய ஓசையில்தான் இது நமக்கு விளங்கிற்று.

மணம் செய்யும் இவ்வேலையை உலகம் அறியாமல் இல்லை. பழ மணமும் இனிப்பு மணமும் ஊட்டிய சிகரெட்டுகளை அமெரிக்க ஐக்கிய நாடு 2009-ஆம் ஆண்டில் தடை செய்தது. அவை இளையோரை ஈர்க்கும் தூண்டில் என்பதே காரணம். மணமூட்டிய குட்காவை நம் மராட்டிய மாநிலம் 2012-இல் தடை செய்தது.

அப்படியாயின் மணம் நீக்கிய இலை குற்றமற்றதோ? அதுவும் அன்று. நைட்ரோசமைன் என்னும் நச்சுப் பொருள்கள் இலையைப் பதப்படுத்தும்போதே அதனுள் தோன்றுகின்றன. எந்த இலையை எரித்தாலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் எழும். புகையை உள்ளிழுக்காத பைப்புப் பழக்கத்தாரையும் வாய், நாக்கு, தொண்டைப் புற்றுநோய்கள் தாக்குகின்றன. இயற்கையானது, சேர்மானம் அற்றது என்று விளம்பரம் செய்த சிகரெட்டு நிறுவனங்கள் மூன்றுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2015-இல் எச்சரிக்கை விடுத்தது. அவ்வளவு தொலைவு செல்வானேன்? இங்கு மகளிர் பலர் பல்லில் தேய்க்கும் மிஷ்ரியை நோக்குவோம். வெறும் புகையிலையை இரும்புத் தட்டில் கருக வறுத்துப் பொடித்தது அது. அதில் எந்தச் செயற்கை மணமும் இல்லை. எனினும் வாயில் இடும் புகையிலை வாயையும் கெடுக்கும். கருவிலுள்ள குழவியின் எடையையும் குறைக்கும்.

மணத்தைச் சொல்லாலும் ஊட்டலாம். சீனிச்சர்க்கரைப் புலவர் பழநி முருகனிடம் புகையிலையையே தூது விடுத்து 'புகையிலை விடு தூது' பாடினார், டாக்டர் உ. வே. சாமிநாதையர் அதனைப் பதிப்பித்தார். அப்புலவர் விளையாட்டாகச் செய்ததை வணிகர் வினையாகவே செய்கின்றனர். 'இயற்கை' என்பதும் அவ்வாறு ஊட்டிய ஒரு மணமே. நாம் வெனிலாவை விட்டு அந்த மணத்துக்கு மாறியிருந்தோம், வேறொன்றும் நிகழவில்லை.

சுவையில் எளிமையை நாடுவது தாழ்ந்ததன்று. சிக்கரி கலவாத காப்பியையும், பக்க இசை ஓங்காத தனிக் குரலையும் விரும்புதல் ஒரு பயிற்சியின் பயனே. ஆயின் சுவையின் நேர்மை பொருளைப் பற்றியது; ஒழுக்கத்தின் நேர்மை அப்பொருளால் தீண்டப்படும் மனிதரைப் பற்றியது. முன்னதை அடைந்தவர் பின்னதையும் அடைந்ததாக எண்ணுதல் பிழை. உள்ளதை உள்ளவாறு உரைப்பதோடு வள்ளுவர் நிறைவு கொள்ளவில்லை. பிறர்க்குத் தீங்கு பயவாமையையே வாய்மையின் இலக்கணமாக வைத்தார். அந்த அளவுகோலின்படி, கலப்பற்ற புகையும் வாய்மையுடையது ஆகாது. ஆண்டுதோறும் புகையிலையால் இறப்போர் உலகில் 70 லட்சத்திற்கும் மேற்பட்டோர் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். அவருள் 10 லட்சத்திற்கும் மேற்பட்டோர் தாம் புகைக்காமல் பிறர் புகையை நுகர்ந்தவர்.

ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இதில் ஒரு தனிப் பொறுப்பும் உண்டு. தமிழகத்துப் பிள்ளைக்குத் தமிழைத் தெருவும் கோயிலும் கற்பிக்கும். இங்கு வளரும் பிள்ளைக்கு வீடே ஊர். நம் மொழியைப் போலவே நம் பழக்கங்களையும் அது வேறு எங்கும் ஒப்பிட்டுப் பார்க்க வழியின்றி ஏற்றுக்கொள்கிறது. பாயசத்தின் மணம் இன்னதென்று நம் மகளுக்கு நாம் கற்பித்த விதத்தை எண்ணும்தோறும் நாணம் மிகுகிறது.

பைப்பு இப்பொழுது மேசையின் இழுப்பறையில் கிடக்கிறது. விட்ட பின்னரும் மாலை வேளைகளில் கை அதைத் தேடியதுண்டு. இன்றும் சிற்சில நாள் தேடுகிறது. சென்ற தீபாவளிக்கு இல்லத்தில் மெய்யாகவே பாயசம் காய்ச்சினார்கள். மகள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, நம் கையில் ஒன்றும் இல்லை என்பதைக் கண்ட பின்னரே அருகில் வந்து அமர்ந்தாள்.