நிறம் மாறிப் பிறந்த குஞ்சுகள்

சிவப்பு இறால் வளர்த்தால் சிவப்புக் குஞ்சுதானே பிறக்கணும்? பினாங்கில் வீட்டுத் தொட்டியில் இறால் வளர்க்கும் தம்பிமார் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. ஜெலுத்தோங்கில் என் வீட்டிலும் இதே கதைதான். சிவப்புத் தாய்க்குப் பழுப்பாக, நீலமாக, சில நேரம் நிறமே இல்லாமல் கண்ணாடி மாதிரி குஞ்சுகள் வருகின்றன. உடனே அடுத்த கேள்வி வரும்: "அண்ணே, இதையெல்லாம் என்ன செய்யறது?" முதல் கேள்விக்கு அறிவியல் பதில் சொல்லும். இரண்டாவதுக்கு நாம்தான் பதில் சொல்லணும்.

நாம் செர்ரி இறால் என்று சொல்வது நியோகரிடினா டேவிடி என்ற நன்னீர் இறால். முழுசாக வளர்ந்தாலும் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர்தான். சீனா, தைவான் பக்கத்து ஓடைகள் அதற்குப் பூர்வீகம். அங்கே அதன் நிறம் மங்கிய பழுப்பு. சருகுக்குள் ஒதுங்கினால் மீன் கண்ணில் படாது. அந்த நிறமே அதற்குக் காவல். சிவப்பு, மஞ்சள், நீலம் எல்லாம் மனிதன் பொறுக்கி எடுத்து, தலைமுறை தலைமுறையாக வளர்த்தவை. ஆனால் பழைய நிறம் எங்கேயும் போய்விடவில்லை, மரபணுவில் ஒளிந்திருக்கிறது. தாயிடம் ஒளிந்திருப்பதும் தகப்பனிடம் ஒளிந்திருப்பதும் ஒன்றுசேர்ந்தால் குஞ்சில் வெளியே வரும். சிவப்பையும் நீலத்தையும் ஒரே தொட்டியில் விட்டால், சில தலைமுறையில் பெரும்பாலானவை பழுப்புக்கே திரும்பிவிடும். ஆக, அந்தக் குஞ்சிடம் குறை ஒன்றும் இல்லை. பாட்டன் ஜாடையில் பிறந்த பேரன் மாதிரிதான் அது.

சிவப்பு நிலைக்கணும் என்றால், நிறம் குறைந்ததைத் தொட்டியிலிருந்து பிரித்தே ஆகணும். அது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிரித்ததைப் பெரிய மீனுக்கு இரையாகப் போடுகிறார்கள், லோங்காங்கில் கொட்டுகிறார்கள். "கழிச்சாச்சு" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். என் மனசு தடுக்கிற இடம் அதுதான்.

இன்னொரு கதையும் கேளுங்கள். 1990களில் ஜப்பானில் ஹிசயாசு சுசுகி என்பவர் கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட தேனீ இறால்களை வளர்த்து வந்தார். கறுப்புக்கு நடுவில் எதிர்பாராமல் சிவப்புப் பட்டையோடு இறால் பிறந்தது. அதை அவர் கழிக்கவில்லை, பத்திரமாக வளர்த்துப் பெருக்கினார். இன்று உலகம் முழுக்க விலை கொடுத்து வாங்கும் கிரிஸ்டல் ரெட் இறால் அதன் வழியில் வந்ததுதான். அங்கேயும் எதிர்பாராத நிறம்தான் பிறந்தது, நம் வீட்டிலும் எதிர்பாராத நிறம்தான் பிறக்கிறது. ஒன்றை அதிசயம் என்கிறோம், மற்றொன்றைக் கழிவு என்கிறோம். இறால் இரண்டு இடத்திலும் ஒரே வேலையைத்தான் செய்தது: பிறந்தது. மதிப்பைப் போட்டது நம் கண்ணும் சந்தையும்.

"இறால் சம்பல் சாப்பிடுகிற ஊரில் இது ஒரு பெரிய விஷயமா?" என்று சிலர் சிரிக்கலாம். சாப்பிடுவது சரியா என்பது தனிக் கேள்வி; அதில் ஆளுக்கு ஒரு கருத்து இருக்கும். இங்கே பசி இல்லை. இந்த உயிர் தானாக நம் வீட்டுக்கு வரவும் இல்லை. நம் ஆசைக்காக நாமே ஜோடி சேர்த்து, நாமே பிறக்க வைத்தோம். அடுத்த தலைமுறைக்கு எதை விடலாம் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வளர்க்கிறவனுக்கு உண்டு. எது உயிரோடு இருக்கலாம் என்று நிறத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் உரிமை அதற்குள் அடங்காது.

"கொல்ல வேண்டாம், ஆத்துல விட்டுடலாம்" என்பதும் கருணை ஆகாது. ஜெர்மனியில் மின்நிலையத்தின் சூடான நீர் கலக்கும் கில்பாஹ் ஓடையில் இதே இறால் குடியேறிப் பெருகிவிட்டது. குளிர் நாட்டிலேயே அப்படி என்றால், வருஷம் முழுக்க வெதுவெதுப்பான நம் ஊர்த் தண்ணீரில் என்ன ஆகும்? நம் மன நிம்மதிக்கு ஓடையில் இருக்கும் மற்ற உயிர்கள் விலை கொடுக்கக் கூடாது.

இறாலும் மனிதனும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பார்க்கிற கண் ஒன்றுதான். குழந்தை பிறந்த வீட்டில் முதல் கேள்வியே "கலரா இருக்கா?" பெண் பார்க்கப் போனால், "கொஞ்சம் மாநிறம்தான்" என்று குரல் தானாகத் தாழ்கிறது. கிருஷ்ணன் என்ற சொல்லுக்கே கரியவன் என்றுதான் பொருள். அந்தப் பேரைப் பிள்ளைக்கு ஆசையாக வைத்துவிட்டு, அவன் நிறத்துக்கு வருத்தப்படுகிறோம். அவன் நிறமும் யாரோ ஒரு பாட்டி பத்திரமாகக் கொடுத்து அனுப்பியதுதானே?

இறால் வளர்க்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். இரண்டாவதாக ஒரு சின்னத் தொட்டி வையுங்கள். ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு கைப்பிடி ஜாவா பாசி போதும். நிறம் மாறியவை அங்கே இருக்கட்டும், அதே தீனியைத் தின்னட்டும். அவற்றின் ஆயுளே ஒன்றிரண்டு வருஷம்தான். அங்கேயும் குஞ்சு பெருகும். கேட்கிற நண்பர்களுக்குக் கொடுக்கலாம். அதற்கும் இடமில்லை, ஆளில்லை என்றால், ஜோடி சேர்ப்பதற்கு முன்னாலேயே யோசித்துக்கொள்ளுங்கள். பிறந்த பிறகு யோசிப்பது அந்தக் குஞ்சுக்கு உதவாது.