இனாமாய் வரும் பிரயாணம்

வணிகத்தை ஹலாலாக்கி, கடல் கடந்து வந்த இந்நாட்டிலும் நமக்கு இரணத்தை அளந்து வரும் வல்ல நாயனைப் புகழ்ந்து, தாமே வியாபாரம் செய்து காட்டிய அருமை நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீது ஸலவாத்துச் சொல்லித் தொடங்குகின்றோம்.



மஸ்ஜித் இந்தியாவில் ஜும்ஆ முடிந்து வெளியே வருவோரின் பேச்சைச் சற்றுச் செவிமடுத்துப் பாருங்கள். சரக்கு விலை, கடை வாடகை, ஆள் பற்றாக்குறை ஆகிய பழைய கதைகளோடு இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. "புள்ளி எவ்வளவு சேர்ந்தது?" என்று ஒருவரையொருவர் விசாரிக்கிறார்கள். கிரெடிட் கார்டு என்னும் கடன் அட்டையைக் கொடுத்துச் சாமான் வாங்கினால் வங்கி புள்ளி தருகிறது. அந்தப் புள்ளியை மலேசியா ஏர்லைன்ஸின் என்ரிச் போன்ற திட்டங்களில் மைலாக மாற்றிக் கொள்ளலாம். மைல் போதிய அளவு சேர்ந்துவிட்டால் சென்னைக்கு ஒரு டிக்கெட். பொறுமையாய் இருந்தால் ஜித்தாவுக்கே ஒரு டிக்கெட்! எப்படியும் வாங்கப் போகிற பருப்புக்கும் எண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் கொடுக்கும் பணத்தில் உம்ராப் பிரயாணம் இனாமாய் வருமென்றால் வேண்டாம் என்பார் யார்?

மார்க்கம் இதைப்பற்றி என்ன சொல்லுகிறது என்று நம்மிடம் கேட்போர் பெருகிவிட்டனர். ஒரே சொல்லில் ஹலால் என்றோ ஹராம் என்றோ முத்திரை குத்திவிட்டால் கேட்பவருக்கும் சுலபம், சொல்பவருக்கும் சுலபம். ஆனால் வியாபாரிகளாகிய நாம் எந்தச் சரக்கையும் அது எங்கிருந்து வந்தது என்று விசாரியாமல் இறக்குவதில்லை அன்றோ? அதே விசாரணையை இந்த இனாமின் மீதும் நடத்துவோம். இது யாருடைய பையிலிருந்து வருகிறது?

முதலாவதாக, நம் பையிலிருந்துதான் வருகிறது! நமது கடையில் ஒருவர் அட்டையை நீட்டி நூறு வெள்ளிக்குச் சாமான் வாங்கினால், நமது கணக்கில் நூறு வெள்ளி முழுமையாய் விழுவதில்லை. நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை, சில வேளை அதற்கும் மேலாக வங்கி கழிவு பிடித்துக் கொள்ளுகிறது. அந்தக் கழிவின் பெரும்பகுதி, வாங்கியவருக்கு அட்டை கொடுத்த வங்கிக்குப் போய்ச் சேருகிறது. அதிலிருந்து ஒரு துளியே புள்ளியாக அவருக்குத் திரும்புகிறது. பகலில் "கார்டு என்றால் நூற்றுக்கு இரண்டு வெள்ளி கூடுதல்" என்று கல்லாவில் எழுதி ஒட்டிவிட்டு, மாலையில் பக்கத்துக் கடையில் புள்ளிக்காகத் தம் அட்டையை நீட்டும் முதலாளிமாரும் நம்மில் உண்டு. இதை என்ன கணக்கில் எழுதுவதோ, நமக்குப் புரியவில்லை.

2000ஆம் ஆண்டு செப்டம்பரில் ரியாத் நகரில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி தனது 108வது தீர்மானத்தில் இந்த விஷயத்தை ஆராய்ந்திருக்கிறது. கடைக்காரரிடம் வங்கி கழிவு பெறுவது ஆகும், ஆனால் ரொக்கத்துக்கு விற்கும் அதே விலைக்கே அட்டைக்கும் விற்க வேண்டும் என்பது அத்தீர்மானத்தின் கருத்து. கல்லாவில் ஒட்டிய அந்தக் காகிதத்தைக் கிழித்துவிடுவது நல்லது. அட்டை நிறுவனங்களின் ஒப்பந்தங்களும் பெரும்பாலும் அதை அனுமதிப்பதில்லை.

கழிவில் வரும் புள்ளி, வியாபாரத்தில் விட்டுக் கொடுக்கும் தள்ளுபடியைப் போன்றது. அதில் பெரிய விக்கினம் இல்லை. ஆனால் இனாமுக்கு இரண்டாவது ஊற்று ஒன்று உண்டு. அதுவே நம்மைக் கலங்க வைப்பது. வங்கியின் அட்டை வியாபாரம் கழிவை மட்டும் நம்பி நடப்பதன்று. தவணைக்குள் முழுப்பணத்தைக் கட்ட இயலாதவர்கள் கொடுக்கும் வட்டியையும் நம்பி நடப்பது. பேங்க் நெகாரா வகுத்த விதிப்படி இந்நாட்டில் அந்த வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 15, 17, 18 என்று மூன்று படிகளாய் இருக்கிறது. பன்னிரண்டு மாதமும் தவறாமல் கட்டி வந்தவருக்கு 15. அடிக்கடி தவறுகிறவருக்கு 18. அதாவது, எவன் அதிகம் கஷ்டப்படுகிறானோ அவனிடமே அதிகம் வாங்கப்படுகிறது. கடன்பட்டவன் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும் வரை தவணை கொடுக்கும்படி சூரத்துல் பகராவின் 280ஆவது வசனம் நமக்குப் போதிக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அக்காலத்தில் வட்டிக்கு வாங்குவதென்றால் லெபோ அம்பாங்கில் கிட்டங்கிப் படியேற வேண்டும். ஏறுகிறவனை நாலு பேர் பார்ப்பார்கள். அவனுக்கே கால் கூசும். இன்று அந்தப் படி நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. யாரும் பார்ப்பதில்லை.

கணக்கு நமக்குப் பழகிய விஷயமாதலால் கணக்காகவே சொல்லுகின்றோம். ஒருவர் ஒரு மாதத்தில் அட்டையில் 5000 வெள்ளிக்கு வாங்குகிறார். புள்ளியின் பெறுமானம் நூற்றுக்கு ஒரு வெள்ளி என்று தாராளமாகவே வைத்துக் கொள்வோம். அவருக்குக் கிடைத்தது 50 வெள்ளி. அம்மாதம் வசூல் சரியில்லை. பாக்கியை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிடுகிறார். 18 வீதத்தில் ஒரு மாத வட்டி 75 வெள்ளி. 15 வீதத்தில் பார்த்தாலும் 62 வெள்ளி 50 காசு. ஒரே மாதத் தாமதத்தில் புள்ளியும் போய், கையிருப்பும் போய், வட்டி கொடுத்த பாவமும் ஏட்டில் ஏறிவிடுகிறது. மூன்று மாதம் தள்ளினவர் கணக்கை நாம் போட வேண்டியதில்லை.

"நாம் ஒரு நாளும் தவணை தவறமாட்டோம், ஆகவே வட்டியே வராது" என்று சொல்லும் சகோதரர்கள் உண்டு. அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். என்றாலும் மேலே சொன்ன அகாடமியின் தீர்மானம் இதையும் எண்ணிப் பார்த்தே, வட்டி நிபந்தனை எழுதப்பட்ட கடன் அட்டையைத் தவணைக்குள் கட்டிவிடும் எண்ணத்தோடு வைத்துக் கொள்வதும் ஆகாது என்று முடிவு செய்தது. ஏனெனில் தவறினால் வட்டி தருகிறேன் என்று கையெழுத்திட்டாகிவிட்டது. வேறு வழியில்லாத தேவைக்கு உரிய தவணையில் கட்டுவோருக்கு இடம் கொடுக்கும் உலமாக்களும் இருக்கிறார்கள். அவர்களை நாம் குறை கூறவில்லை. ஆனால் வேறு வழியில்லாத தேவை என்று சொல்ல மலேசியாவில் நமக்கு வாய் வருமா? 1983இல் பேங்க் இஸ்லாம் திறக்கப்பட்டது. 2002இல் அதன் அட்டையும் வந்துவிட்டது. முதலில் ஈனா முறையில் வந்த அந்த அட்டையைப் பற்றி அறபு நாட்டு உலமாக்கள் பலருக்கு ஆட்சேபம் இருந்தது; பிறகு தவர்ருக், உஜ்ரா என்ற முறைகளில் பல வங்கிகள் அட்டை கொடுக்கின்றன. அவற்றிலும் புள்ளி உண்டு. ஆயினும் இஸ்லாமிய அட்டை என்ற பெயரைக் கேட்டு அசந்துவிட வேண்டாம். பாக்கி வைத்தால் அங்கும் செலவு ஏறவே செய்யும். ஒப்பந்தத்தை வாசித்து, விளங்காவிடில் பள்ளிவாசல் ஹஜரத்திடம் காட்டிக் கையெழுத்திடுங்கள்.

இனி நம் வியாபாரிகளை நேராகத் தொடுகின்ற ஒரு விஷயத்துக்கு வருகின்றோம். இதைச் சற்று விரிவாகப் பேச வேண்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸில் மூன்று பேர் சம பங்கில் ஒரு கடை வைத்திருப்பதாகக் கொள்வோம். ஒருவர் சமையற்கட்டைப் பார்க்கிறார், ஒருவர் கல்லாவில் இருக்கிறார், ஒருவர் கொள்முதலைக் கவனிக்கிறார். கொள்முதல் செய்பவர் மாதம் 30,000 வெள்ளிச் சரக்கைத் தம் சொந்த அட்டையில் வாங்கி, கடைப் பணத்திலிருந்து அட்டைக்குக் கட்டிவிடுகிறார். ஒரு காசு கூடக் குறையவில்லை; பேரேடு சுத்தமாய் இருக்கிறது. ஆனால் நூற்றுக்கு ஒன்று வீதம் மாதம் 300 வெள்ளி, ஆண்டுக்கு 3600 வெள்ளி பெறுமான புள்ளி அவர் பெயரில் சேருகிறது. அதில் அவர் உம்ராவுக்குப் போய் வருகிறார். மற்ற இருவரும் விமான நிலையம் வரை சென்று வழியனுப்பி, தங்களுக்காகத் துஆச் செய்யச் சொல்லி அனுப்புகிறார்கள். அந்த 3600இல் 2400 தங்களுடையதாய் இருக்கலாம் என்று அவர்களுக்குத் தெரியாது.

நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் அஸ்து கோத்திரத்தைச் சேர்ந்த இப்னுல் லுத்பிய்யா என்பவர் ஜக்காத் வசூலுக்கு அனுப்பப்பட்டார். திரும்பி வந்தவர், இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாய்க் கிடைத்தது என்று பிரித்துக் காட்டினார். நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, அவர் தம் தாய் தந்தையர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் காணப்படும் இந்தச் செய்தியைக் கொள்முதல் செய்யும் கூட்டாளி தமக்குத் தாமே சொல்லிப் பார்க்கட்டும். கடைச் சரக்கு இல்லையேல் அந்தப் புள்ளி அவரைத் தேடி வந்திருக்குமா?

அவர் பக்கத்து நியாயமும் இல்லாமலில்லை. அட்டை அவர் பெயரில் இருக்கிறது. கடை கட்டத் தவறினால் வங்கி அவரைத்தான் பிடிக்கும். ஆண்டுதோறும் அட்டைக்குரிய 25 வெள்ளி சேவை வரியும் அவர் தலையில்தான். ஆகவே அந்த இனாம் தமக்கே உரியது என்று அவர் வாதாடலாம். அப்படியானால் அதைக் கூட்டாளிகள் முன்னிலையில் வாதாட வேண்டும். அவர்கள் மனம் ஒப்பிக் கொடுத்தால் முழுவதும் அவருக்கு ஹலால். மூன்றாய்ப் பிரிக்கச் சொன்னால் பிரிக்க வேண்டும். பேசாமல் எடுத்துக் கொள்வதில்தான் வினை இருக்கிறது. கூட்டாளிகள் இருவரில் ஒருவர் மற்றவருக்கு மோசம் செய்யாத வரையில் அல்லாஹ் அவர்களோடு மூன்றாமவனாய் நிற்கின்றான் என்ற கருத்தில் ஹதீஸ் குத்ஸி ஒன்றும் உண்டு. 2400 வெள்ளிக்காக அந்த மூன்றாமவனைக் கடையை விட்டு அனுப்பலாமா? சம்பளத்துக்கு இருக்கும் மேலாளர் முதலாளியின் சரக்கைத் தம் அட்டையில் வாங்கினாலும் சட்டம் இதுவே.

இதைவிட மோசமான பழக்கம் ஒன்றும் சில இடங்களில் புகுந்திருக்கிறது. சரக்கே கைமாறாமல், கடை இயந்திரத்தில் நண்பரின் அட்டையை 1000 வெள்ளிக்கு இழுத்து, நூற்றுக்கு இத்தனை என்று பிடித்துக் கொண்டு மீதியை ரொக்கமாய்க் கொடுப்பது. நண்பருக்கு ரொக்கமும் புள்ளியும், கடைக்காரருக்குக் கமிஷன். இது வியாபாரமன்று, வியாபாரத்தின் வேஷம் போட்ட வட்டிக் கடன். வங்கியிடம் விற்பனை என்று பொய் சொல்லுவதும் இதில் கலந்திருக்கிறது. இதில் நாம் இரு பக்கம் பேச ஒன்றுமில்லை.

புண்ணிய பூமிக்குப் போகும் ஆசை நமக்கு முன்னிருந்தோருக்கும் இருந்தது. இந்நாட்டுக் கம்பத்து மக்கள் நிலத்தையும் மாட்டையும் விற்று, பினாங்கிலும் அன்று போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்று வழங்கிய கிள்ளான் துறைமுகத்திலும் கப்பலேறி, ஹாஜியாய்த் திரும்பி வந்து ஏழைகளாய் நின்றதைப் பொருளாதார நிபுணர் உங்கு அஜீஸ் கவனித்தார். வட்டிப் பணம் கலந்துவிடுமோ என்று அஞ்சி வங்கியில் போடாமல் வீட்டிலேயே காசைச் சேர்த்து வந்தவர்கள் அவர்கள். 1959இல் அவர் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். அதன் பயனாய் 1963 செப்டம்பர் 30இல் தொடங்கிய சேமிப்பு ஸ்தாபனமே இன்றைய தாபோங் ஹாஜி. முதலில் சேர்ந்தவர்கள் 1281 பேர். அவர்கள் போட்ட பணம் மொத்தம் சுமார் 46,600 வெள்ளி. ஆளுக்கு நாற்பது வெள்ளி கூட வரவில்லை. அவர்களுக்குப் புள்ளி கொடுப்பார் யாருமில்லை. இன்று 1300 வெள்ளி சேமிப்பு இருந்தால் அங்கே ஹஜ்ஜுக்குப் பெயர் பதியலாம். நூறு புள்ளிக்கு எத்தனை மைல் என்று மனப்பாடமாய்ச் சொல்லும் நம் இளைஞர்களில் எத்தனை பேர் பெயர் பதிந்திருக்கிறார்கள் என்று அவரவர் வீட்டில் விசாரியுங்கள்.

ஹஜ்ஜு, சக்தி பெற்றவர் மீதே கடமை. புள்ளியில் டிக்கெட் கிடைத்தால் சக்தி வந்துவிட்டதாகாது. அட்டையில் பாக்கி நிற்குமானால் அதைத் தீர்ப்பதே முந்தியது. பாக்கி மலையாய்க் குவிந்து வழி தெரியாமல் நிற்பவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். பேங்க் நெகாரா 2006இல் ஏற்படுத்திய ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிலையம் கட்டணமின்றி உதவுகிறது. வங்கிகளோடு பேசித் தவணையும் அமைத்துத் தருகிறது.

இரண்டு மூன்று தீனார் கடன் விட்டு மௌத்தான ஒருவருக்கு ஜனாஸாத் தொழவைக்காமல் நாயகம் (ஸல்) அவர்கள் நின்றதும், அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்றுக் கொண்ட பின்னரே தொழுததும் நீங்கள் அறிந்ததே. நாம் மௌத்தானால் அட்டைப் பாக்கி நம் சொத்திலிருந்து, வாரிசுப் பங்கு பிரிக்குமுன்பே, கொடுக்கப்பட வேண்டிய கடன். ஆனால் எந்த வங்கியில் எந்த அட்டை, எவ்வளவு பாக்கி என்று நம் வீட்டாருக்குத் தெரிவதில்லை. பேரேட்டிலும் அது ஏறுவதில்லை. ஆகவே இவ்வாரமே ஒரு தாளை எடுத்து, அட்டைகளின் பெயரையும் பாக்கியையும், கூட்டாளிகளுக்குச் சேர வேண்டிய புள்ளி இருந்தால் அதையும் எழுதி, இரண்டு பேரைச் சாட்சி வைத்துக் கையெழுத்திட்டு, வீட்டு அலமாரியில் கடைப் பத்திரங்களோடு வைத்துவிடுங்கள்.