வேரை முதலில் இறக்கு!

மருதமுனைத் தம்பியே, தங்கையே! நம் தறியில் பாவாக ஏறும் பருத்தி, முளைத்த நாளில் செய்த வேலையைக் கேள். மேலே இரண்டு இலையை விரித்துவிட்டு, ஆணிவேரை மளமளவென்று ஆழத்துக்கு இறக்கியது. முதல் சில வாரங்களில் தண்டைவிட வேர்தான் வேகமாக நீளும். உயர்தரப் பரீட்சை ஒருமுறை பிழைத்துப்போனதும் "என் கதை முடிஞ்சுது" என்கிறாயே, எழுந்திரு! நீ வேர்விடும் பருவத்தில் நிற்கிறாய்.

மண் சரியில்லை என்கிறாயா? கோவில்பட்டிக் கரிசல் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஆனாலும் அடியில் ஈரத்தைப் பிடித்துவைத்து மானாவாரிப் பருத்தியை வளர்க்கும். நம் கரையோர மணலில் நீர் நிற்காது, பசளை அடியில் கரைந்து போய்விடும். அதற்காக மணலை ஏசிக்கொண்டு இருப்பதா? தொழுவெரு சேர், பசளையைப் பிரித்துப் பிரித்து இடு. மண்ணின் குறையைத் தெரிந்தவன் கையில்தான் விளைச்சல்!

பெற்றோரே, உங்களுக்கும் சொல்கிறேன். யூரியாவை அள்ளிக் கொட்டினால் பருத்தி காடாக மண்டும்; காய் பிந்தும்; தத்துப்பூச்சியும் அசுவினியும் மொய்க்கும். வேரடியில் தண்ணீர் தேங்கினால் மொட்டும் பிஞ்சும் உதிரும். பிள்ளை கேட்கும் முன்பே எல்லாவற்றையும் கொட்டிக் கொடுக்காதீர்கள்.

எவ்வளவு பேணினாலும் பருத்தியின் மொட்டுகளில் பெரும்பகுதி உதிரத்தான் செய்யும். செடி சாய்ந்துவிடுகிறதா? நிற்கிற காய்க்கு உணவை அனுப்புகிறது. பூத்தபின் ஏறத்தாழ மூன்று வாரம் இழை நீளும். அதன் பிறகே தடித்து வலுப்பெறும். அந்நேரத்தில் நீரும் பொட்டாசியமும் குறைந்தால் இழை நலிந்துபோகும். நலிந்த இழையின் நூல் தறியில் அறுந்து அறுந்து படுத்தும் பாடு நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். தொடங்கியதை நடுவில் விடாதே!

1977க்குப் பின் இறக்குமதித் துணி சந்தையை நிறைத்தபோது கைத்தறி நொடித்தது. 2004 டிசம்பர் 26இல் கடலே ஊருக்குள் வந்தது. உயிர்களையும் தறிகளையும் கொண்டுபோனது. அதன் பிறகும் இவ்வூரில் சாரனும் சேலையும் நெய்தார்கள். அந்த மனிதர்களின் பிள்ளை நீ!

நாளை சுபஹுத் தொழுகை முடிந்ததும் விட்ட பாடத்தைத் திற. படிப்பு வேண்டாமென்றால் தறி தெரிந்த மூத்தம்மாவிடமோ வெள்ளாமை தெரிந்த மாமாவிடமோ போய் உட்கார்ந்து கேள். நாளையே போ!